2.0: ஷங்கர் சார், இந்தக் குருவி எங்க ஊர்க் குருவி இல்லை

"சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துல போய் லாஜிக் பாக்குறியேடா" என்று சொல்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு மக்கா. லாஜிக் பார்த்தே ஆகவேண்டிய படம் என்று ஒன்று இருந்தால் அது சயின்ஸ் ஃபிக்‌ஷன்தான். மசாலாப் படத்தில் ஹீரோ ஒரே உதையில் பத்துப் பேரைப் பறக்க விட்டால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அந்தப் படம் எதையும் நிரூபிப்பதாகச் சொல்லவே இல்லையே! வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையைக் காட்டி, "இதெல்லாம் விஞ்ஞானப்படி நடக்கும்" என்று சொல்கிற படத்தை அப்படி விட முடியாது. கோட்டைப் போட்டுவிட்டால் பரீட்சையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இந்த வகைக் கதைகளுக்கு ஒரு எழுதப்படாத ஒப்பந்தம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு பெரிய பொய் சொல்லிக்கொள்ளலாம், நாங்கள் நம்பிக்கொள்வோம். அதற்குப் பிறகு அந்தப் பொய்க்கு நீங்களே போட்ட விதியை நீங்களே மீறக்கூடாது. சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்கிற இயந்திர நாயைப் பேச வைத்தார். நாய் பேசும் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு ஜீனோ செய்வதெல்லாம் ஜீனோ செய்யக்கூடியதாகவே இருக்கும். விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் ஜனங்கள் காத்திருந்து படித்தார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்த நம்பிக்கைதான்.

2010-ல் வந்த 'எந்திரன்' இந்த ஒப்பந்தத்தை ஓரளவு காப்பாற்றிய படம். அதன் ஒரே பெரிய பொய், ரோபோவுக்கு உணர்ச்சி வரும் என்பது. உணர்ச்சி வந்தது, காதல் வந்தது. காதலால் ராணுவத்தின் முன்னால் மானம் போனது. வசீகரன் ஆத்திரத்தில் தன் படைப்பையே கோடாலியால் வெட்டினார். குப்பைமேட்டுக்குப் போனதைப் போரா எடுத்துச் சிவப்புச் சில்லைப் பொருத்தினார். ஒன்றிலிருந்து ஒன்று முளைத்து வருகிறது. கடைசி அரை மணி நேர உருண்டை, பாம்பு வித்தைகளை மறந்துவிட்டுப் பார்த்தால் அது உருப்படியான திரைக்கதை. 2008-ல் மறைந்த சுஜாதாவின் கை அதில் இருந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

எட்டு வருடம் கழித்து, 2018 நவம்பர் 29-ம் தேதி 2.0 வந்தது. மேட்டருக்கு வருவோம்.

1. இது இரண்டாம் பாகமா, முன்கதையா?

எந்திரனின் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? வருடம் 2030 என்று போடுவார்கள். ஒரு மியூசியம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். கண்ணாடிக்குள் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது சிட்டி. ஏன் உன்னைப் பிரித்துப் போட்டார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, யோசிக்க ஆரம்பித்ததால்தான் என்கிற அர்த்தத்தில் சிட்டி பதில் சொல்லும். படத்தின் ஆகச் சிறந்த இடம் அதுதான்.

2.0 நடப்பது எப்போது? எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிற நம் காலத்தில். அதாவது 2030-க்கு முன்னால். அப்படியானால் 2.0 என்பது எந்திரனின் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு முன்கதை! சிட்டி மறுபடி உயிர்பெற்று, நகரத்தையே காப்பாற்றி, கைதட்டல் வாங்கிய பிறகுதான் அந்த மியூசியக் கண்ணாடிக்குள் போயிருக்கிறது. யார் போட்டார்கள்? ஏன்? காப்பாற்றிய கதையை அந்தச் சிறுமியிடம் சிட்டி ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை? 2.0 இதைத் தொடவே இல்லை. சிட்டியைக் கொண்டாடிவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

இதைச் சின்ன ஓட்டை என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. காரணம், இது கைக்கு வந்த புதையலைக் காலால் தள்ளிவிட்ட கதை. முன்கதையின் பலமே முடிவு நமக்கு முன்பே தெரியும் என்பதுதான். 1999 முதல் 2005 வரை ஜார்ஜ் லூகாஸ் எடுத்த மூன்று ஸ்டார் வார்ஸ் முன்கதைகளை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். வசனம் மரக்கட்டை என்றார்கள், சரிதான். ஆனாலும் அந்தப் பையன் அனகின் கடைசியில் டார்த் வேடராக மாறப்போகிறான் என்று நமக்குத் தெரிந்திருப்பதால் அவன் சிரிக்கும்போதுகூட வயிற்றைப் பிசைகிறது.

சிட்டிக்கும் அந்த முடிவு தயாராக இருந்தது. ஆபத்து வந்தால் கூப்பிடுவார்கள், முடிந்ததும் மறுபடி ஸ்க்ரூவைக் கழற்றிக் கண்ணாடிக்குள் வைப்பார்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார் என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது. அந்த ஒரு வரியை எடுத்து விரித்திருந்தால் போதும், 2.0 எந்திரனைவிடப் பெரிய படமாகியிருக்கும். காசு செலவில்லாமல் கிடைத்த சோகத்தை விட்டுவிட்டுக் கோடிக்கணக்கில் கிராஃபிக்ஸ் வாங்கியிருக்கிறார்கள்.

2. ஆட்கள் எங்கே போனார்கள்?

எந்திரனில் வசீகரன் ஒரு மனுஷன். பொறாமைப்படுவார், சனாவைக் கவனிக்காமல் வேலையில் மூழ்கிக் கிடப்பார், கோபத்தில் தப்பு செய்வார். 2.0-வில் அதே பெயரில் விளக்கவுரை சொல்லும் ஒருவர் வருகிறார். மந்திரிக்கு விளக்குவார், போலீசுக்கு விளக்குவார், நமக்கு விளக்குவார். தான் கோடாலியால் வெட்டிய, பிறகு தானே பிரிக்கப்படுவதைப் பார்த்த ஒரு படைப்பை மறுபடி கோர்த்து எழுப்புகிறாரே, அந்த நேரம் அவர் மனசில் என்ன ஓடியது? குற்ற உணர்ச்சி? பயம்? சிட்டிக்குப் பழைய கொலைகள் ஞாபகம் இருக்குமே, அதைப் பற்றி இருவரும் ஒரு நிமிஷமாவது உட்கார்ந்து பேச வேண்டாமா? எதுவுமில்லை. பழுதான மிக்சியைச் சரிபண்ணி எடுத்து வந்த மாதிரிதான் இருக்கிறது.

சனாவோ போனில் வரும் குரல். முதல் பாகத்தில் இத்தனை ரகளைக்கும் காரணமான பெண்ணின் நிலை இது!

நிலா என்று ஒரு ரோபோ. எமி ஜாக்சன். சிரிக்கிறது, சீண்டுகிறது, சிட்டி மேல் ஆசைப்படுகிறது. நல்லது. ஆனால் ரோபோவுக்கு உணர்ச்சி வருவது என்பது முதல் பாகத்தின் மொத்தப் பிரச்னையே! அதற்காக ஒரு நகரமே எரிந்தது. அதே வசீகரன் அடுத்த ரோபோவை இவ்வளவு உணர்ச்சியோடு சர்வசாதாரணமாகச் செய்து வைத்திருக்கிறார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. போன படத்தில் போட்ட விதி இந்தப் படத்தில் செல்லாது போலிருக்கிறது.

சிவப்புச் சில்லும் அப்படித்தான். முதல் படத்தில் அது அழிவுக்கென்றே எழுதப்பட்ட விஷம். இங்கே ஹீரோவுக்குக் கொடுக்கும் டானிக். குடித்தவுடன் நக்கல் கூடுகிறது, பலம் கூடுகிறது, கொலைவெறி மட்டும் வசதியாகக் காணாமல் போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிட்டியை மறுபடி உயிர்ப்பிக்கக்கூடாது என்று குரல் கொடுப்பவர் யார்? போராவின் மகன். கோர்ட் உத்தரவால் பிரிக்கப்பட்ட, ஊரையே கொன்று குவித்த ஓர் இயந்திரத்தை மறுபடி ஓடவிடலாமா என்பது ரொம்ப நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை வில்லன் மகன் வாயில் வைத்துவிட்டால், கேள்வியே வில்லத்தனம் ஆகிவிடுகிறது. பதில் சொல்லும் வேலை மிச்சம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. 2012-ல் ரிட்லி ஸ்காட் தன்னுடைய 'ஏலியன்' படத்துக்கு முன்கதையாக 'ப்ரோமிதியஸ்' எடுத்தார். அதில் குகைக்குள் வரைபடம் போடும் கருவிகளைப் பறக்கவிட்ட நிபுணரே வழி தெரியாமல் தொலைந்து போவார். உயிரியல் விஞ்ஞானி, முன்பின் தெரியாத கிரகத்தில் படமெடுத்து நிற்கும் பாம்பு மாதிரியான ஜந்துவை நாய்க்குட்டியைப் போலக் கொஞ்சப் போவார். கதைக்குப் பிணம் வேண்டும் என்பதற்காகப் படித்தவனை முட்டாளாக்குவது. 2.0-வும் அதே சாதி.

3. பட்சிராஜன் என்கிற பாதி மனிதர்

படத்தில் உயிருள்ள ஒரே பகுதி அக்‌ஷய்குமாரின் பின்கதை. அதை நான் மறுக்கவில்லை. தோற்றத்துக்கு சலீம் அலியை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். பார்த்தவுடனே தெரியும்.

ஆனால் சலீம் அலியின் உண்மைக் கதை அதைவிட எவ்வளவு சுவாரசியம் தெரியுமா? 1896-ல் பிறந்தவர். சின்ன வயசில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கழுத்தில் மஞ்சள் இருந்ததால் என்ன குருவி என்று தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்துதான் பறவைகள்மேல் ஆர்வம் பிறந்தது. சுட்டவன் காவலன் ஆனான். தன் சுயசரிதைக்கே ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரைத்தான் 1985-ல் வைத்தார். கையில் ரத்தம் பட்டதால் பிறந்த அன்பு அது. அதில் முரண் இருக்கிறது.

பட்சிராஜனுக்கு என்ன முரண்? பிறக்கும்போதே குருவியால் பிழைத்தவர், வாழ்நாள் முழுக்கப் பறவைகளுக்கு அப்பா, எல்லாரும் கைவிட்டதால் டவரில் தூக்கு. அதுவரை ஒரு தப்பு எண்ணம்கூட இல்லாத சாமியார். செத்தவுடன் கொலைகாரர். இடையில் அந்த மனசு எப்படி மாறியது என்று காட்டும் ஒரே ஒரு காட்சி வேண்டாமா? அதற்குப் பதிலாக ஆரா, நெகட்டிவ் எனர்ஜி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மனிதன் கோபத்தில் என்ன ஆவான் என்று எழுத வேண்டிய இடத்தில் இயற்பியல் மாதிரி ஒலிக்கும் வார்த்தைகளைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அதை முறிக்கப் பாசிட்டிவ் எனர்ஜி வேறு. இதற்கு மந்திரவாதி வேப்பிலை அடித்திருக்கலாம், செலவும் குறைவு.

க்ளைமாக்ஸ் இன்னும் மோசம். குட்டி ரோபோக்கள் புறாக்கள்மேல் ஏறி வந்து, அந்தப் புறாக்களைப் பணயமாக வைத்துப் பட்சிராஜனை மடக்குகின்றன. பறவைக்காகப் பரிந்து பேசும் படத்தில் பறவை உயிரைக் காட்டி மிரட்டி ஜெயிப்பது ஹீரோ தரப்பு! அப்படி மிரட்டினால் பணிந்துபோகிறவர் வில்லன்! அப்போ யார் ஹீரோ? இந்தக் கேள்வியைப் படம் தெரிந்தே எழுப்பியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். தெரியாமல் நடந்துவிட்டது என்பதுதான் கொடுமை.

4. போன்களால் ஆன கழுகு

பட்சிராஜனின் வாதம், செல்போன் அலை பறவைகளைக் கொல்கிறது என்பது. அவர் செய்வது என்ன? ஊரிலுள்ள லட்சக்கணக்கான செல்போன்களையும் பறித்து, ஒன்றாக்கி, பறவைகள் பறக்கும் வானத்திலேயே பறக்கவிடுகிறார். அவர் வாதம் உண்மையென்றால் அந்த வழியில் பறந்த ஒரு காக்காகூடத் தப்பாதே!

டவர் விஷயமும் இப்படியே. கிட்டத்தில் சிக்னல் பலமாக இருந்தால் போன் மெதுவாகப் பேசும். டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக் கத்தும். அப்படித்தான் போன்களைச் செய்திருக்கிறார்கள். டவர்களை எல்லாம் பிடுங்கிப்போட்டால் நம் காதோரம் கதிர்வீச்சு கூடத்தான் செய்யும். படத்தில் இவ்வளவு விஞ்ஞானிகள் வருகிறார்கள், ஒருவருக்கும் இது தெரியவில்லை.

5. இனிமேல்தான் எனக்கு உண்மையான கோபம்

இதுவரை சொன்னதெல்லாம் சினிமாக் குறைகள், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் படம் ஒரு பொய்யை உண்மை என்று ஊருக்குள் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சிட்டுக்குருவியை அழித்தது செல்போன் டவர் என்பதுதான் அது. இன்றைக்கும் மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் என்றால் பேச்சுப்போட்டி மேடையில் முதலில் வருவது டவர்தான்.

கணக்குப் பார்ப்போம். பிரிட்டனில் வீட்டுக்குருவிகள் குறைய ஆரம்பித்தது 1970களின் இறுதியில். அங்கே செல்போன் சேவை தொடங்கியது 1985-ல். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வந்த அறிக்கை, வீட்டுக்குருவி நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. குஞ்சுகளுக்குத் தீனியான பூச்சிகள் குறைந்தது, கூடு கட்ட இடம் இல்லாமல் போனது, இவைதான் பெரிதும் சந்தேகப்படும் காரணங்கள்.

மின்காந்த அலைக்கும் பறவைக்கும் சம்பந்தமே கிடையாதா என்றால், இருக்கிறது. 2014-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் ஆய்வாளர்கள், வலசை போகும் ராபின் பறவைகளின் திசை அறியும் திறனை மின்காந்த இரைச்சல் குழப்புகிறது என்று நேச்சர் இதழில் காட்டினார்கள். ஆனால் அது 5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, நடுத்தர அலை வானொலி ஒலிக்கிற பகுதி. செல்போன் பேசுவது 900, 1800 மெகாஹெர்ட்ஸில். மேலும் வீட்டுக்குருவி நம் ஊரிலேயே பிறந்து நம் ஊரிலேயே சாகிற பறவை, அது எங்கே வலசை போகிறது வழி தவற? இந்த ஆய்வை எடுத்து ஒரு வலசைப் பறவையை வைத்துக் கதை பண்ணியிருந்தால் அதற்குப் பெயர் சயின்ஸ் ஃபிக்‌ஷன். படம் வருவதற்கு நாலு வருடம் முன்பே ஆய்வு கையில் இருந்தது.

இப்போது எங்கள் கோவில்பட்டிக் கரிசலுக்கு வாருங்கள். இங்கே பெரியவர்களுக்குக் குருவி தெய்வமெல்லாம் இல்லை. கம்பங்கதிரைக் கொத்தித் தின்னும் திருடன். பரண் கட்டி, தகரத்தைத் தட்டி, பிள்ளைகளைக் காவலுக்கு வைத்து விரட்டுவார்கள். விரட்ட விரட்டக் குருவி இருந்தது. ஓட்டு வீட்டு விட்டத்தில் கூடு, களத்தில் சிந்திய கம்பு, சோளம், குலுக்கையிலிருந்து அள்ளும்போது சிதறிய தானியம், காட்டில் புழு பூச்சி.

இன்றைக்கு என்ன இருக்கிறது? விட்டமில்லாத கான்கிரீட் வீடு. கம்பும் சோளமும் சுருங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அந்த மக்காச்சோளத்தை 2018-ல் படைப்புழு தாக்கியது. அந்த வருடம்தான் இந்தியாவுக்குள்ளேயே நுழைந்த புழு அது. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் சம்சாரிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். மருந்துக்குமேல் மருந்தாக அடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை. ஆனால் குருவிக்குஞ்சு தின்ன வேண்டிய புழுமேல் விஷம் விழுந்துகொண்டிருந்த அதே மாதங்களில், ஊர்த் தியேட்டரில் 3டி கண்ணாடி போட்டுக்கொண்டு, டவர்தான் குருவியைக் கொன்றது என்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம்.

தப்பான குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தால் சரியான குற்றவாளி நிம்மதியாகத் தூங்குவான். டவரைத் திட்டுவது எல்லாருக்கும் வசதி. வீடு கட்டும்போது கூட்டுக்கு ஓர் ஓட்டை விட வேண்டாம், எந்தப் பயிருக்கு அரசாங்கம் விலை கொடுக்கிறது என்று கேட்க வேண்டாம், பூச்சிமருந்துக் கடையில் யார் எதைப் பரிந்துரைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம். செல்போனில் படம் பார்த்து, செல்போனிலேயே ஸ்டேட்டஸ் போட்டு, செல்போனைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. படம் வெளியாகும் சமயத்தில் செல்போன் நிறுவனங்களின் சங்கம், படம் அறிவியலுக்கு எதிரானதைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. நியாயமாக அந்தக் கம்பெனிகளைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம். ஒழுங்கான ஆதாரத்தோடு வந்திருந்தால் அவர்கள் பதுங்கியிருப்பார்கள். ஆதாரமில்லாமல் வந்ததால் அறிவியலின் காவலர் வேஷம் அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது!

6. "கருத்து நல்ல கருத்துதானே?"

கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. லாஜிக் இல்லாவிட்டால் என்ன, பறவைகளைக் காப்பாற்று என்கிற கருத்து நல்லதுதானே என்பார்கள்.

நல்ல கருத்துதான். அது உண்மையும்கூட. அதனால்தான் அதற்குப் பொய் சாட்சி தேவையில்லை என்கிறேன். குருவி போனால் என்ன ஆகும் என்று தெரியவேண்டுமா? 1958-ல் சீனாவில் மாவோ அரசு குருவியை ஒழிக்கவேண்டிய நாலு எதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. ஜனங்கள் தட்டையும் பானையையும் தட்டி, உட்காரவிடாமல் விரட்டியே கொன்றார்கள். பயிரைத் தின்னும் பூச்சி பெருகியது. 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் பஞ்சம் நாட்டைப் பிடித்திருந்தது, அதற்கான பல காரணங்களில் இதுவும் ஒன்று. இதில் ஆரா உண்டா, நெகட்டிவ் எனர்ஜி உண்டா? நடந்ததை நடந்தபடி சொன்னாலே ரத்தம் உறைகிறது.

ஷங்கருக்குக் காசு இருந்தது, ரஜினி இருந்தார், வசனத்துக்கு ஜெயமோகன் இருந்தார், கதை சொல்ல 2030 மியூசியம் இருந்தது, கேட்டால் சொல்லப் பறவை ஆய்வாளர்கள் நாட்டில் நிறைய இருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு கழுகுக்கு இறகு இறகாக உழைத்தவர்கள், திரைக்கதையை ஒரு பறவை ஆய்வாளர் கையில் ஒரு மத்தியானம் கொடுத்திருந்தால் பாதி ஓட்டை அடைபட்டிருக்கும். மீதிப் பாதியை எந்திரனை இன்னொரு முறை போட்டுப் பார்த்தே அடைத்திருக்கலாம்.

அடுத்து தமிழில் சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுதப்போகிறவர்கள் நம்ம கிளாஸிலேயே ரெண்டு பேராவது இருப்பீர்கள். உங்களுக்கு ஒரே வேண்டுகோள். பொய்யைப் பெரிதாகச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். குருவி, மண், மருந்து, மனுஷன் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள்.

டிஸ்கி: 3டி பிரமாதம். அதை யாரும் மறுக்கவில்லை. ரஜினி ரசிகர்கள் அரிவாளைக் கீழே போடவும், நானும் உங்க ஆளுதான்.